அளவு பேண்ட்

1

இன்றைக்கு நான் பெல்ட் போடாமல் வேலைக்குப் போனேன்.

ஊரிலிருந்து படிக்கிறவர்கள் இதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பீர்கள். கேளுங்கள், பதில் வைத்திருக்கிறேன். நான் திருவொற்றியூர் விம்கோ நகரில் வளர்ந்தவள். இப்போது நெதர்லாந்தில், ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறேன். இந்த வரியை எழுதும்போதே எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. அந்த உயரத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றது படிப்பு இல்லை, பயமும் இல்லை. ஒரு பேண்ட்தான் நின்றது.

விஷயத்தை உடைத்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு இடுப்பு சிறியது. அதற்குக் கீழே, தையல்காரர்கள் மரியாதையாக ‘சீட்டு’ என்று சொல்லும் பகுதி பெரியது. இது ஒன்றும் அதிசய உடம்பு இல்லை. தேரடியில் தேர் வரும்போது கூட்டத்தைப் பாருங்கள், பாதிப் பெண்களுக்கு இதே வாகுதான். ஆனால் கடையில் தொங்கும் பேண்டுகளுக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. சீட்டுக்குச் சரியாக இருப்பதை வாங்கினால் பின்பக்கம் இடுப்பில் ஒரு கை நுழையும். இடுப்புக்குச் சரியாக இருப்பது தொடையைத் தாண்டி மேலே வராது. இரண்டுக்கும் சமாதானம் பண்ணி வைப்பதுதான் பெல்ட்டின் வேலை. அது சமாதானமா, சித்திரவதையா என்று உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தெரியும்.

2

பேண்ட் என்ற பொருளோடு எனக்கு முதல் சண்டை டிப்ளமோ படிக்கும்போது வந்தது. மெக்கானிக்கல் பிரிவு. லேத் மெஷின் பக்கத்தில் துப்பட்டா பறந்தால் ஆபத்து என்று ஒர்க்‌ஷாப் மாஸ்டர் பெண்களும் காக்கி பேண்ட் போட வேண்டும் என்றார். நியாயம்தான். அம்மா என்னைப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணப் பட்டிலிருந்து கர்சீப் வரை கிடைக்கும் தெரு அது. அங்கே ஒரு பேண்ட்டாவது எனக்காகத் தைக்கப்பட்டிருக்கும் என்று நம்பிப் போனேன்.

கடைக்காரர் ஆம்பிளை பேண்ட் ஒன்றை எடுத்துப் போட்டார். “இத்த எட்துக்கோ. பெல்ட் போட்டா ஷோக்கா கீது.”

அம்மா சும்மா விடுகிறவர் இல்லை. “இன்னா நைனா, பொண்ணு போட்றதுக்குக் கேட்டா கோணியத் தூக்கிக் குட்க்கிற?”

“லேடீஸ்க்குன்னு இல்லம்மா. மேல சட்டைய உட்டுக்கினா யாருக்குத் தெரியப் போவுது?”

யாருக்குத் தெரியப் போகிறது என்பதுதான் எனக்கு அடுத்த மூன்று வருஷம் தரப்பட்ட ஆறுதல். லேத்தில் குனிந்தால் பின்னால் பையன்கள் இருமுவார்கள். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டே அரத்தால் இரும்பு ராவப் பழகினேன். எனக்கு அப்போது கோபம் கடைக்காரர் மீதும் இல்லை, பையன்கள் மீதும் இல்லை, என் உடம்பு மீது வந்தது. அது தப்பான விலாசத்துக்குப் போன கோபம் என்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அதே காலத்தில் என் அம்மாவோ, அத்தைகளோ, தெருவில் யாருமோ பொருந்தாத ஜாக்கெட் போட்டு நான் பார்த்ததில்லை. புடவை பழசாக இருக்கலாம், சாயம் போயிருக்கலாம், ஜாக்கெட் மட்டும் கன கச்சிதமாக இருக்கும். காரணம், அளவு ஜாக்கெட். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இங்கே பிறந்த என் மகளுக்காக எழுதி வைக்கிறேன். நம் ஊரில் தையல்கடைக்குப் போனால் டேப் வைத்து உடம்பை அளக்க நிற்க வேண்டாம். நன்றாகப் பிடித்த பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கு என்று கொடுத்துவிட்டு வருவோம். அதைப் பார்த்துப் புதுசு தைப்பார்கள். திரும்ப வரும்போது சொல்லுகிற கடைசி வார்த்தை, அளவு ஜாக்கெட்டை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள் என்பது. புதுசு தொலைந்தால்கூடப் பொறுப்போம், அளவு தொலைந்தால் அந்தக் கடைக்கே முழுக்குப் போட்டுவிடுவோம்.

3

கல்யாணமாகி நெதர்லாந்து வந்தபோது, இது பேண்ட் பிறந்த தேசம், இங்கே எனக்கு ஒரு விடிவு உண்டு என்று நினைத்தேன். வந்த முதல் குளிர்காலத்திலேயே அந்த ஆசை போயிற்று. கடையில் எனக்கு உதவ வந்த பெண் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலத்தில் வளர்ந்திருந்தாள். தொங்கின பேண்டுகளும் அவளைப் பார்த்துத் தைத்தவை. அப்போதுதான் டச்சு மொழி கற்றுக்கொண்டிருந்தேன். என் சீட்டு பெரியது என்று சொல்ல நினைத்து, டச்சில் கிட்டத்தட்ட ஒரே சத்தமுள்ள இரண்டு சொற்களுக்கு நடுவில் உச்சரிப்பு கொஞ்சம் வழுக்கி, என் நம்பிக்கை பெரியது என்று சொல்லிவிட்டேன். அவள் மனப்பூர்வமாகச் சிரித்து, அது ரொம்ப நல்லது என்றாள். பேண்ட் மட்டும் ஏறவில்லை.

பிறகு வருஷங்கள் ஓடின. மொழி வந்தது, வேலை வந்தது, மகள் யாழினி வந்தாள். அவளுக்கு நான் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் டச்சில் வரும். நான் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் அவள் டச்சில் ஆமாம் என்பாள். பழகிவிட்டது என்று சொன்னால் பொய்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருஷம் அவளுக்கும் என் உடம்பு வாகு வர ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை ஜீன்ஸ் வாங்கப் போனோம். உடை மாற்றும் அறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தால், தொடையில் மாட்டிய ஜீன்ஸோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை நிமிர்ந்து பார்த்து, இது உன்னிடமிருந்து வந்தது என்றாள். திட்டவில்லை, சும்மா ஒரு தகவல் மாதிரி சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது. அன்றிலிருந்து வெயில் காலத்திலும் முட்டி வரை தொங்கும் ஸ்வெட்டர்தான் அவள் உடுப்பு.

4

துறைமுகத்தில் நான் முதலில் பார்த்தது தரை வேலை. கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பது, பூட்டுகளைப் பார்ப்பது. குனிந்து நிமிர்கிற வேலை, ஆகவே பெல்ட், உள்ளே இழுத்துச் சொருகிய பனியன், மேலே தொளதொள கோட்டு என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். போன வருஷம் கிரேன் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். எழுதிப் போட்டேன், தேர்வானேன். சந்தோஷத்தில் என் கணவரை அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னபோது என் குரல் பக்கத்து மேசைக்கும் கேட்டதாம்.

பயிற்சிக்குப் பொறுப்பு மார்யான் என்ற அம்மா. உயரமான, குரல் கனத்த டச்சுக்காரர். கிரேனுக்கு மேலே போக லிஃப்ட் உண்டு. ஆனால் லிஃப்ட் நின்றுவிட்டால் ஏணியில் ஏறி இறங்கத் தெரிய வேண்டும், அதற்குத் தனியாக ஒரு தேர்வு. இடுப்பிலும் இரண்டு தொடையிலும் பாதுகாப்புப் பட்டைகளை இறுக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒளிப்பட்டை வைத்த சீருடை பேண்ட் கட்டாயம்.

பயிற்சிக்கான சின்ன ஏணியில் என்னை ஏறச் சொன்னார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் கீழே இறங்கியிருந்தது. நடுத்தையல் தொடைக்கு நடுவில் தொங்கியது. காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்க முடியவில்லை. பின்பக்கத் துணி பட்டைக்கு அடியில் மூட்டையாகச் சுருண்டது. என்னோடு தேர்வான இரண்டு ஆண்கள் கவரைப் பிரித்து அப்படியே போட்ட பேண்டில் ஏறி இறங்கிக் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

மார்யான் என்னைக் கீழே இறங்கச் சொன்னார். “கலா, பட்டைக்குள் துணி சிக்குகிறது. இப்படி உன்னை மேலே அனுப்ப மாட்டேன். நீ விடுமுறை முடிந்து வந்து ஒரு மாதத்தில் தேர்வு. பொருந்திய பேண்டோடு வா. இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.”

சீருடை தருவது ஒரு வெளிக் கம்பெனி. அவர்கள் இணையப் பக்கத்தில் உயரம் கேட்பார்கள், இடுப்பு கேட்பார்கள், ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். அத்தோடு சரி. எனக்கு வந்த பெண்கள் பேண்ட் அதே ஆம்பிளை பேண்ட்தான், உள்ளே லேபிள் மட்டும் வேறு. எழுதிக் கேட்டால் ஒரு சைஸ் பெரியது அனுப்புவார்கள், மறுபடி கேட்டால் சின்னது. எம்.சி. ரோட்டுக் கடைக்காரராவது முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

5

விடுமுறைக்கு விம்கோ நகர் வந்தேன். அண்ணன் மூர்த்திக்கு டிரெய்லர் ஓட்டும் வேலை. மீஞ்சூர் பக்கத்திலிருந்து கன்டெய்னர் பெட்டி ஏற்றிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் வரிசையில் நின்று துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அண்ணி ரேவதி ராயபுரத்துப் பெண். தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்துவிட்டு, இப்போது வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். அண்ணிக்கு அடக்கம் என்ற பழக்கம் கிடையாது. வடக்கே கத்திவாக்கம் வரைக்கும் தன்னை மாதிரி தைக்க ஆள் இல்லை என்று அவரே சொல்லுவார்.

என் கதையைக் கேட்டதும் கை தட்டினார். “இம்மாந்தானா? ஃபாரின்காரிங்களுக்கே பேண்ட் தச்சிக் குட்த்தவ நானு. அளவு பேண்ட் எட்தா.”

என்னிடம் அளவு பேண்ட் இல்லை. யோசித்துப் பார்த்தால் பிறந்ததிலிருந்து எனக்குப் பிடித்த பேண்ட் ஒன்றுகூட இருந்ததில்லை. அதை அப்படியே சொன்னேன். அண்ணி அதையெல்லாம் கவனிக்காமல் அண்ணனுடைய பேண்ட் ஒன்றைக் கொடியிலிருந்து உருவி, அதில் கரித்தூசி தட்டி, அளவுக்கு என்று வைத்துக்கொண்டார். பலன் என்னவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கறுப்புத் துணியில் புத்தம் புதிதாக, மறுபடி அதே கோணிப்பை.

“அண்ணி, எக்ஸ்போர்ட்ல நீ முழு பேண்ட் தச்சிருக்கியா?”

“ஜிப்பு போட்டேன்.”

“ஜிப்பு மட்டுமா?”

“ஒரு நாளைக்கி எத்தினி ஜிப்பு தெரியுமா? நீ போட்டுக் காட்டு பாப்போம்.”

ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் ஒரு வளைகாப்பு. அண்ணி தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டைப் போட்டுப் புடவை கட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றேன். முன்னே வளைந்து, பக்கத்தில் இறங்கி, இடுப்புக்கு மேலே சிக்கென்று நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சந்தேகம்.

“அண்ணி, இந்த ஜாக்கெட் எப்டி இப்டிப் புடிக்குது?”

“டாட் புடிச்சிக் கீறேன்ல.” துணியை மடித்துக் கோணலாக முனை வரைக்கும் தைத்து, வளைவுக்கு இடம் பண்ணுவதற்குப் பெயர் டாட். டாட் இல்லாத ஜாக்கெட்டை நம் ஊரில் பைத்தியக்காரி கூடப் போட மாட்டாள்.

“முன்னால வளைவுக்கு டாட் புடிக்கிற. பின்னால வளைவுக்கு ஏன் புடிக்கக் கூடாது?”

அண்ணி என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். “அய்ய, இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா ஒனக்கு? ஒரு நாள் பேசாம வேற கெடந்தோம்.”

வளைகாப்புக்குத் தாமதமாகத்தான் போனோம். அண்ணி அந்தக் கறுப்புப் பேண்டையே எடுத்து, சீட்டுக்குச் சரியாக இருக்கும்படி விட்டு, இடுப்பில் பின்பக்கம் இரண்டு டாட், பக்கத்தில் இன்னும் இரண்டு பிடித்தார். மாலையில் போட்டுப் பார்த்தேன். கை நுழையவில்லை. குனிந்தேன், உட்கார்ந்தேன், சப்பணமிட்டேன். அது என்னோடு வந்தது. வீதியில் நின்றிருந்த அண்ணனின் டிரெய்லர் படியில் கால் வைத்து டிரைவர் சீட்டு வரைக்கும் ஏறினேன், மறுபடி இறங்கி மறுபடி ஏறினேன். பேண்ட் ஒரு அங்குலம் நகரவில்லை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

கீழே நின்ற அண்ணன் சொன்னார். “ஏறு ஏறு. நான் இங்கேர்ந்து பெட்டி ஏத்தி அனுப்பறேன், நீ அங்க எறக்கு. குடும்பத் தொழிலா ஆயிடும்.”

6

இனிதான் நம் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தேன்.

அண்ணி தைத்தது சாதாரணத் துணி. தேர்வுக்குச் சீருடைத் துணியும் ஒளிப்பட்டையும் வேண்டும். ராட்டர்டாம் திரும்பியதும் அந்தக் கறுப்புப் பேண்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பார்சல் கட்டி, சீருடைக் கம்பெனிக்கு அனுப்பினேன். இதே அளவில் உங்கள் துணியில் ஒன்று தைத்துத் தரவும், அளவு பேண்டை மறக்காமல் திருப்பி அனுப்பவும் என்று நல்ல டச்சில் எழுதி வைத்தேன். இத்தனை வருஷம் இது ஏன் தோன்றவில்லை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பதில் வந்தது. நீங்கள் திருப்பி அனுப்பிய பொருள் எங்கள் நிறுவனத்துடையது அல்ல. விதிமுறைப்படி அது அழிக்கப்பட்டது. கீழே, எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி.

போன் போட்டேன். ஒரு பாட்டு ஓடி முடிந்து மறுபடி ஆரம்பித்தபின் ஒரு பெண் எடுத்தாள்.

“உங்கள் சொந்த பேண்டை எங்களுக்கு ஏன் அனுப்பினீர்கள்?”

“அளவுக்கு.”

“அளவு என்றால் எண்ணைத்தானே சொல்ல வேண்டும்? உங்கள் எண் என்ன?”

“எண் இல்லை. அந்த பேண்ட்தான் அளவு.”

அவளுக்குப் புரியவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை, ரொம்பப் பணிவாகப் புரியாமல் இருந்தாள். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். வாழ்க்கையில் பொருந்திய ஒரே பேண்டை என் கையாலேயே பார்சல் கட்டிக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன். தேர்வு அடுத்த வாரம்.

7

ஞாயிறு காலையில் அண்ணிக்கு வீடியோ போட்டு விஷயத்தைச் சொன்னேன். அளவு போயிற்று என்றதும் அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கம்பெனியை ராயபுரத்து மொழியில் வாழ்த்தினார், அதை இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்கிக்கொண்டு, “சரி, வுடு. போனது துணிதான, ஒடம்பு இங்கதான கீது. அந்தக் கம்பெனி பேண்ட்ல சீட்டுக்கு செரியா கீறத எட்து, உள்பக்கம் வெளிய வர்றா மாதிரி போட்டுக்கினு நில்லு” என்றார்.

நின்றேன். அங்கே ஒரு சிக்கல். சொந்த முதுகுப் பக்கத்தில் யாராலும் ஊக்குக் குத்த முடியாது. என் கணவரைக் கூப்பிட்டேன், முதல் ஊக்கையே அவர் தன் விரலில் குத்திக்கொண்டார். அப்போது யாழினி அறையிலிருந்து வந்தாள். போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் மண்டி போட்டாள்.

அண்ணி போனுக்குள்ளிருந்து கத்தினார். “யாழு, நடு முதுவுத் தண்டுக்கு ரெண்டு பக்கமும் துணியப் புட்ச்சி மடி. நல்லா புடி. இன்னாத்துக்குக் கூச்சப்பட்டுக்கினு கீற, ஒங்கம்மா இன்னா கண்ணாடியா, ஒடஞ்சிடப் போறாளா?”

யாழினிக்கு இந்தத் தமிழ் புரியுமா என்று எனக்குச் சந்தேகம். புரிந்தது. சிரித்துக்கொண்டே என் இடுப்பைப் பிடித்தாள். இவ்வளவு நெருக்கத்தில் அவள் கை என் மேல் பட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மடித்தாள், ஊக்குக் குத்தினாள், தள்ளிப்போய்ப் பார்த்தாள், திருப்தி இல்லாமல் பிரித்து மறுபடி குத்தினாள். கத்தரிக்கோலை எடுத்தபோது அண்ணி பதறிப் போனார்.

“வெட்டாத, வெட்டாத. துணிய உள்ளயே உடு. நாளைக்கி ஒடம்பு போட்டா பிரிச்சிக்கலாம். எவளாவது துணிய வெட்டிப் போடுவாளா?”

வெட்டவில்லை. கையால், இரட்டை நூல் கோத்து, நெருக்கமாகத் தைத்தேன். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

8

தேர்வு நாள் காலையில் மார்யான் என்னைச் சுற்றி வந்தார். இடுப்பைப் பார்த்தார், பட்டையை இழுத்துப் பார்த்தார். துணி சுருளவில்லை. ஆனால் அவர் முகம் மலரவில்லை.

“இது எங்கள் பேண்ட். மாற்றியிருக்கிறாய்.”

“ஆமாம்.”

“சீருடையை வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. வெட்டியதைப் போட்டுக்கொண்டு ஏற விட்டால் என் வேலை போகும்.”

கிரேனின் நிஜ ஏணி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஆனால் அடுத்த வாக்கியம் என் வாயிலிருந்து தானாக வந்தது. “வெட்டவில்லை. பாருங்கள்.” இடுப்புப் பட்டியைத் திருப்பிக் காட்டினேன். மடிப்புக்குள் துணி முழுசாக இருந்தது, ஒரு நூல் குறையவில்லை. “இந்தத் தையலைப் பிரித்தால் நீங்கள் கொடுத்த மாதிரியே ஆகிவிடும். எங்கள் ஊரில் யாரும் வெட்ட மாட்டோம்.”

மார்யான் மடிப்பைத் தடவிப் பார்த்தார். ஒளிப்பட்டைகளைப் பார்த்தார், அவை கீழே காலில் இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு சுற்றிலும் ஆண்கள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பி நின்று, தன் கனத்த கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கினார். அவர் பேண்டின் இடுப்பில், குழந்தைத் தொட்டிலுக்குப் போடுகிற மாதிரி பெரிய ஊக்கு ஒன்று குத்தியிருந்தது.

“வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து,” என்றார். “எனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடல் காகங்கள் பறந்தன. சிரித்து முடித்து, பட்டையை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, ஏறு என்றார்.

ஏறினேன். ஒரு கைகூடப் பேண்டைத் தேடிப் பின்னால் போகவில்லை. இரண்டு கையும் ஏணியில் இருந்தன. மேலே கதவைத் திறந்து கிரேன் அறையில் உட்கார்ந்தபோது, துறைமுகம் முழுக்க எனக்குக் கீழே விரிந்து கிடந்தது. காசிமேட்டிலிருந்து பார்க்கிறபோது தூரத்தில் நின்றுகொண்டே இருக்குமே கிரேன்கள், அதில் ஒன்றின் உள்ளே நான் இருக்கிறேன். லேத்துக்குக் குனிந்தபோது பின்னால் கேட்ட இருமல்கள் நினைவுக்கு வந்தன. அந்த உயரத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

தேர்வில் தேறினேன். அந்த வாரமே மார்யான் துறைமுகத்துப் பெண்கள் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டி, சீருடைக் கம்பெனி ஆளை வரவழைத்தார். ஒவ்வொருத்தியும் எழுந்து கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கி இடுப்பைக் காட்டினாள். ஒருத்திக்கு ஊக்கு, ஒருத்திக்குக் கயிறு, ஒருத்திக்குக் கணவரின் டை. வந்தவர் நல்ல மனுஷர், காது வரை சிவந்துபோய்க் குறிப்பு எடுத்தார். கடைசியில் என் பேண்டை மேசை மேல் வைத்தோம். இதை மாதிரிக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார்.

எனக்கு உயிரே போய் வந்தது. “எடுத்துப் போங்கள். ஆனால் இது அளவு. திரும்பி வர வேண்டும்.”

“நிச்சயமாக.”

“மறக்கக் கூடாது.”

“மறக்க மாட்டேன்.”

அவரை இரண்டு தடவை சொல்ல வைத்த பிறகுதான் பையில் போட விட்டேன். மார்யானுக்கு என் கெடுபிடி வேடிக்கையாக இருந்தது.

9

இன்று காலை புதுப் பேண்டுகள் வந்தன. பெண்கள் பேண்ட் என்று தனி வெட்டு. சீட்டுக்குத் தனி அளவு, பின்னால் டாட், பக்கத்தில் டாட். நான் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பெல்ட்டை லாக்கரிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மார்யான் தன் ஊக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பெட்டி இறக்கும்போது இரண்டு தடவை காரணமே இல்லாமல் எழுந்து உட்கார்ந்தேன், எழ முடிகிறது என்பதற்காக.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன். கம்பெனி நம்முடைய வெட்டைத் தைக்க ஆரம்பித்துவிட்டது, துறைமுகம் முழுக்கப் பெண்கள் நாம் பிடித்த டாட்டோடு நடக்கிறார்கள், நம்மைப் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டிருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். அளவு திரும்பி வந்திச்சா?”

“வந்திச்சி அண்ணி. தொவச்சி, மட்ச்சி, கவர்ல போட்டுக் குட்த்தாங்க.”

“அப்ப பத்ரமா வெச்சிக்கோ. யாழுக்கு ஒதவும்.”

எடுத்து வைக்கலாம் என்று திரும்பினேன். சோபாவில் நான் வைத்த கவர் காலியாகக் கிடந்தது. யாழினி என் அளவு பேண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரை இடுப்புக்கு மேலே தூக்கி முடிச்சுப் போட்டு, நடைக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை.

“அம்மா,” என்றாள் தமிழில், “எனக்கும் சரியா இருக்கு.”